சிறு கல்லூரிகளும் கூடைப்பந்து வீரர் தேர்வும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குப் புகழையும் பொருளையும் ஒருங்கே ஈட்டித் தருவது உதைபந்தாட்டம். பெயர் ஒன்றாயினும் அது நம்மவர் ஆடும் உதைபந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி, எதிர்த்து நிற்போரை மோதித் தள்ளி ஓடும் ஆட்டம். றக்பிக்கு நெருங்கிய உறவு. அதனை உயர்நிலையில் நடத்திய கல்லூரி, 2024 வரையிருந்த விதிப்படி, 85 வீரர்க்குப் புலமைப்பரிசில் வழங்கலாம். ஆடவர் கூடைப்பந்துக்கோ அவ்வெல்லை 13 மட்டுமே. களத்தில் நிற்போர் ஐவர். அவருள் ஒருவன் தலைசிறந்தவனாயின் அணியின் நிலையே மாறிவிடும். பெரும் உதைபந்து அணியைத் தாங்க இயலாத சிறு கல்லூரிகள் கூடைப்பந்தைப் பற்றிக்கொண்டதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயினும் அமெரிக்காவின் சிறந்த இளைஞர் பெரும் பெயர் பெற்ற இடங்களையே நாடுவர். ஆகவே சிறியோர் பிறர் பாராத திசையிற் பார்க்க வேண்டியதாயிற்று. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரிலுள்ள கொன்சாகா, இயேசுசபையாரின் பல்கலைக்கழகம்; 1941உடன் உதைபந்தைக் கைவிட்டது. 1999 தொடக்கம் 2025 வரை நடந்த தேசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்றிலேனும் அது இடம்பெறாமற் போனதில்லை. 2017இலும் 2021இலும் இறுதியாட்டம் வரை சென்றது. பிரான்சு, போலந்து, லித்துவேனியா ஆகிய நாடுகளிலிருந்து அது வீரரைத் திரட்டியது. பெனின் நாட்டுத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் பிறந்த றுயி ஹச்சிமுறா, ஆங்கிலம் நன்கறியாத நிலையில் 2016இல் அங்கு சேர்ந்தவர். 2019இல் தொழில்முறை அணிகளின் தெரிவில் அவர் ஒன்பதாமவராக எடுக்கப்பட்டார்.

கலிபோர்னியாவின் சென் மேரிஸ் கல்லூரி 2004இல் உதைபந்தை விட்டது. அது அவுஸ்திரேலியாவையே தன் விளைநிலமாக்கிக்கொண்டது. பற்றி மில்ஸும் மத்தியூ டெலவெடோவாவும் அவ்வழி வந்தோரே. முன்னர் வந்தவன் நன்கு நடத்தப்பட்டான் என்ற செய்தி ஊருக்கு எட்டினால் அடுத்தவன் தானே வருவான். எந்த விளம்பரமும் இதற்கு நிகராகாது. முதலாண்டிலேயே களமிறங்கும் வாய்ப்பும் பெரிய கல்லூரிகள் எளிதில் தரவியலாத ஒன்று. இந்திய வீராங்கனை ஹர்சிம்ரன் கவுரைச் சேர்த்துக்கொண்டதும் சான் டியேகோ பல்கலைக்கழகமே. அங்கே உதைபந்து உண்டெனினும் அதற்குப் புலமைப்பரிசில் இல்லை.

2025 யூலை முதல் கல்லூரிகள் தம் வருவாயில் வீரர்க்கு நேராகவே பங்களிக்கலாம். முதலாண்டுக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். உதைபந்துக் கல்லூரிகளில் அதன் பெரும்பகுதி உதைபந்துக்கே போகும். அஃதில்லாதோர் கூடைப்பந்துக்கே ஒதுக்கலாம். கையிற் பணமிருந்தாலன்றோ ஒதுக்குவது என்பாரும் உளர். அதனினும் பெரிய இடர் வேறு: 2021இலிருந்து வீரன் ஓராண்டு காத்திராமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். சிறு கல்லூரி ஈராண்டு பேணி வளர்த்தவனைப் பெரிய கல்லூரி மூன்றாமாண்டில் அழைத்துக்கொள்கின்றது.

எலுவன்குளம் போன்ற புத்தளக் கரையோரச் சிற்றூர்களின் ஆசிரியர்க்கு இந்நிலை விளக்க வேண்டியதன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் மேம்பட்ட பிள்ளை நகரத்துக் கல்லூரிக்குப் போய்விட்டால், பின்னர் பெறும் பரிசெல்லாம் அக்கல்லூரியின் பெயரிலேயே ஏறும். கொன்சாகா போன்றவை இழந்தவனுக்கு ஈடாக வேறொருவனைத் தேடி உலகெங்கும் ஆளனுப்பலாம். சிற்றூர்ப் பாடசாலைக்கோ அடுத்த தை மாதத்தில் முதலாந்தரத்துக்கு வரும் பிள்ளைகளே வரவு.