குண்டைச் சுற்றும் துணிக்குக் கஞ்சி ஆகாது

கடையில் வாங்கிவரும் புதுப் பருத்தித் துணி முழுக்கப் பருத்தி அல்ல. பாவு நூலில் கஞ்சி ஏறியிருக்கும். இழைமேல் இயற்கையான மெழுகு ஒட்டியிருக்கும். துணி மடிப்புக் கலையாமல் நிற்கவும் பளபளக்கவும் ஆலையில் பூசிய வேறு சரக்கும் இருக்கலாம். சட்டை தைப்பவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, நாலு சலவையில் போய்விடும். அதே துணியை ஈயக் குண்டின்மேல் சுற்றிச் சுடுகிறவருக்கு அந்தக் கஞ்சிதான் முதல் எதிரி.

குழலின் வாய் வழியாகவே கருமருந்தையும் குண்டையும் இறக்கிக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியைச் சொல்கிறேன். நம் ஊரில் நாட்டுத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றால் சுடுவது இன்றும் பல நாடுகளில் போட்டி விளையாட்டு. அதற்கான சர்வதேச அமைப்பான எம்.எல்.ஏ.ஐ.சி. 1971-இல் தொடங்கியது.

குழலின் உள்சுவர் வழவழப்பாக இருந்தால் துணி இல்லாமலும் காரியம் நடக்கும். ரைபிளில் அப்படி நடக்காது. அதன் உள்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அந்தச் சுருளைப் பிடித்துச் சுழன்றால்தான் குறி தப்பாது. ஆனால் குழலுக்குச் சரியளவான குண்டை வாய் வழியே தள்ளி இறக்குவது பெரும்பாடு. அதனால் குண்டைச் சற்றுச் சிறிதாக வார்ப்பார்கள். 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு என்பது வழக்கமான கணக்கு. மீதி இடைவெளியை எண்ணெயோ கொழுப்போ தோய்ந்த பருத்தித் துணி அடைக்கிறது. பள்ளத்தின் சுழற்சியைக் குண்டுக்குக் கடத்துவதும், வெடித்த மருந்தின் வாயு பக்கவாட்டில் கசியாமல் தடுப்பதும், குழலில் படிந்த கரியை இளக்கி வைப்பதும் அந்தத் துண்டின் வேலை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாகவே மிஞ்சும். துணியில் எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் மூன்றாவது நான்காவது குண்டை இறக்கவே முடியாமல் போகலாம்.

இந்தப் பசைத் தேவை நம் வரலாற்றையே அசைத்திருக்கிறது. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளுக்கு வந்தது கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா. பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய அந்தக் காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருக்கிறது என்ற பேச்சு 1857 எழுச்சிக்குப் பொறியானது. அங்கே காகிதம், இங்கே துணி. குழலுக்குள் பசையைச் சுமந்து செல்வது இரண்டுக்கும் பொது.

ஏன் பருத்தி? பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகிக் குழலில் அப்பிக்கொள்ளும். பருத்தி உருகாது, கருகும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனை வரும், விரலில் தேய்த்தால் பொடியும் சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கெட்டியான கருமணி திரளும். பாவு, ஊடை இரண்டிலிருந்தும் நூல் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் கலப்பாக இருக்கும் துணிகள் ஏராளம்.

நெசவு இறுக்கமாக இருப்பதும் முக்கியம். இலவம் பஞ்சு வெளியே வராமலிருக்க நெருக்கி நெய்யும் கோடுபோட்ட மெத்தைத் துணியைத்தான் இதற்கு உலகெங்கும் விரும்பி எடுக்கிறார்கள். கெட்டியான டிரில் துணியும் உதவும்.

இனி கஞ்சி. தறியில் ஒவ்வொரு அடிக்கும் பாவு நூல் உரசும், இழுபடும். அறாமலிருக்க அதற்குக் கஞ்சி ஏற்றியே ஆக வேண்டும். கைத்தறி ஊர்களில் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவி வாருவார்கள். விசைத்தறிக்கு அதே வேலையைச் சைசிங் மில் செய்கிறது. மும்பைக்குப் பக்கத்திலுள்ள பிவண்டியில் நெய்யும் காடாத் துணியும் இப்படிக் கஞ்சி ஏறிய பாவில் வருவதுதான். மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு, புளியங்கொட்டைப் பொடி எல்லாம் இதற்கு ஆகும். சேலத்து மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு ஜவுளி ஆலைகள் நல்ல வாடிக்கை.

கஞ்சி இருக்கும் துணி எண்ணெயைச் சீராகக் குடிக்காது. விறைப்பாக நிற்பதால் பள்ளங்களுக்குள் மடிந்து உட்காராது. துவைத்ததும் துணி சுருங்கி நெருங்குவதால், முன்பு எடுத்த தடிமன் அளவும் பொய்யாகிவிடும். ஆகவே முதலில் துவைக்க வேண்டும், பிறகுதான் அளக்கவும் வெட்டவும் வேண்டும்.

வெறும் குளிர்ந்த நீர் போதாது. ஆலைகளில் அமைலேஸ் என்ற நொதியைக் கொண்டு ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைத்துக் கரைக்கிறார்கள். முளைகட்டிய தானியத்திலும் நம் உமிழ்நீரிலும் இருப்பது அதே வகை நொதிதான். வீட்டில் செய்பவர்கள் நொதி சேர்ந்த சோப்புத்தூளில், வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறப்போடலாம். மறுநாள் சலவைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவிட்டால் மெழுகும் இளகும். பிறகு நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைத் தொடவே கூடாது, அது இழைமேல் புதிதாக ஒரு பூச்சைப் போட்டுவிடும்.

கஞ்சியும் மெழுகும் போனதா என்று பார்க்க இரண்டு சோதனை. நீர்த்த டிங்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டால், ஸ்டார்ச் இருக்கும் இடம் கருநீலமாகும். மஞ்சள் பழுப்பாகவே நின்றால் ஸ்டார்ச் போய்விட்டது. அடுத்தது தண்ணீர்ச் சொட்டு. அது முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. விழுந்ததும் பரவினால் எண்ணெயும் அப்படியே பரவும். இரண்டிலும் தேறிய துணியின் பத்து மடிப்பை அழுத்திப் பிடித்து வெர்னியரில் அளந்து பத்தால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். 0.010 முதல் 0.020 அங்குலம் வரை என்பது பொதுவான வரம்பு.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் சுட்ட பிறகு வருவது. துணி குழல்வாயிலிருந்து சற்றுத் தூரத்தில் விழும். அனுபவசாலிகள் அதை எடுத்து விரித்துப் பார்ப்பார்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம், அதைச் சுற்றிப் பள்ளங்கள் பதிந்த வரிகள். எல்லாம் கிழியாமல் இருந்தால் சரி. வட்டத்தின் விளிம்பு கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது. துணி மெலிது, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை. வரிகளில் பிளேடு வைத்தாற்போல வெட்டுப்பட்டிருந்தால் குழல்வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. ஒரு துண்டுத் துணியிடமிருந்து இவ்வளவு தகவல் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பருத்தியை இப்படி நுணுகிப் பார்ப்பதற்கு மும்பையில் நீண்ட மரபு உண்டு. மாட்டுங்காவில், அடேன்வாலா சாலையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1924-இல் தொடங்கியது. இழையின் நீளமும் வலுவும் மென்மையும் அங்கே ஒரு நூற்றாண்டாக அளக்கப்படுகின்றன.

நம் நாட்டில் இத்தகைய துப்பாக்கியை வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பொதுவாக உரிமம் வேண்டும். துணியைச் சோதிக்க எந்த உரிமமும் வேண்டாம். அடுத்த முறை புதுத் துணி வாங்கும்போது, தையற்காரர் வெட்டிப்போட்ட ஓரத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள்.