பத்தாயிரம் கட்டினால் முடிந்ததா?

"பத்தாயிரம் கட்டிட்டா வண்டியை எடுத்துட்டு வந்துடலாம் மச்சான்." குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டவருக்கு நண்பர்கள் சொல்லும் ஆறுதல் இதுதான். 2019 செப்டம்பருக்கு முன்பு இதே ஆறுதல் இரண்டாயிரம் ரூபாயில் இருந்தது. தொகை ஏறிவிட்டது, எண்ணம் மட்டும் மாறவில்லை. உண்மையில் இந்த விவகாரத்தில் ஆகக் குறைந்த செலவே அந்த அபராதம்தான். மற்றவை கோர்ட்டிலிருந்தும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்தும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்தும் தனித்தனியாக வரும். சில நேரம் வருஷங்கள் கழித்து வரும். சில நேரம் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர் பெயருக்கு வரும்.

முதலில் சட்டம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகாது, ஓட்டு" என்று உசுப்பிவிட்டவரையும் 188-ஆவது பிரிவின் கீழ் உடந்தை என்று சேர்க்கலாம். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல ரோட்டிலேயே கட்டித் தீர்த்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. வழக்கு மாஜிஸ்திரேட் முன் போகிறது. அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அது தண்டனையாகப் பதிவாகும். அடுத்த முறை அதே பிரிவில் தண்டனை பெற்றால், லைசென்ஸை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று 22-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்குச் சொல்கிறது.

லைசென்ஸுக்கு இன்னொரு பாதையிலும் ஆபத்து உண்டு. போலீஸ் அதைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். உங்கள் விளக்கத்தைக் கேட்டபின் முதல் குற்றத்துக்கு 3 மாதம் தகுதிநீக்கம் செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தக் கெடு முடிந்ததும் லைசென்ஸ் தானாகக் கைக்கு வராது. புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். அந்த 3 மாதத்தில் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று வண்டியை எடுத்தால் அது தனிக் குற்றம். அப்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைகழுவ ஒரு காரணம் தயாராகிவிடும்.

சோதனைச் சாவடியில் நடப்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். "ஊதுங்க" என்று நீட்டும் கருவியில் புதுக் குழாய் மாட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. திரையில் வரும் எண்ணையும் கருவி துப்பும் சீட்டில் உள்ள நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்த உடனோ, ஆல்கஹால் கலந்த மருந்தை விழுங்கிய உடனோ ஊதினால் வாயில் தங்கியது எண்ணை ஏற்றிக் காட்டும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லலாம். ஆனால் ஊதவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. தக்க காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே போலீஸ் தரப்புக்கு வலுவாக எடுத்துக்கொள்ள 205-ஆவது பிரிவு இடம் தருகிறது. கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். பெண்ணிடம் ரத்த மாதிரி எடுப்பதானால் பெண் மருத்துவர் எடுக்க வேண்டும், அல்லது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். வெற்றிலை, புதினா மிட்டாய், எலுமிச்சை எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. நேரம் ஒன்றுதான் குறைக்கும்.

குடிக்காத நண்பர் ஒருவர் லைசென்ஸோடு கூட இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நம் ஊர்ச் சாவடியை அது கட்டுப்படுத்தாது. என்றாலும் பணிவாக எடுத்துச் சொல்லத்தக்க தீர்ப்பு.

இனி இன்சூரன்ஸ். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார், பம்பர் டு பம்பர்" என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் பாலிசிப் புத்தகத்தில் விதிவிலக்குகள் உள்ள பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம். வண்டியின் உரிமையாளரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு ஓட்டியவரோ போதையில் இருந்தபோது ஏற்பட்ட சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அங்கே இருக்கும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீட்டுக்கும் இதே விலக்கு உண்டு. அதாவது, குடித்துவிட்டு ஓட்டியவர் இறந்துபோனால் அவர் குடும்பம் நம்பியிருந்த அந்த 15 லட்சமும் கேள்விக்குறி ஆகிவிடும்.

"ஊதவே இல்லையே, எப்படி நிரூபிப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு போர்ஷே காரின் கதை பதில் சொல்லும். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே, ஒரு கம்பெனிக்குச் சொந்தமான அந்தக் கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்துபோனது. மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தப் பரிசோதனை எண்ணும் இல்லை. மருத்துவப் பதிவில் மது வாடை என்ற குறிப்பு இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போதையை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது, ஆனால் 30 மில்லிகிராம் கணக்கு கையில் இல்லையென்றாலும் மற்ற சூழ்நிலைகளைக் கொண்டு நிரூபிக்கலாம் என்றது தீர்ப்பு. காலியான அகலச் சாலையில், நேரே போக வேண்டிய கார் எப்படிக் கவிழ்ந்தது என்ற கேள்வியும் கணக்கில் வந்தது.

நம் அரசு மருத்துவமனைகளில் விபத்துக்குள்ளானவரைச் சேர்த்ததும் போடும் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில், மது வாடை என்ற அந்த ஒற்றை வரி இருக்கிறதா என்றுதான் கிளெய்மை ஆராய்பவர் முதலில் தேடுவார். அவசரத்தில் டியூட்டி டாக்டர் கிறுக்கும் அந்த வரியின் மதிப்பு சில நேரம் பல லட்சம்.

அடிபட்டவரின் நிலை என்ன? ஓட்டியவன் குடித்திருந்தான் என்பதற்காக நடைபாதையில் நின்றவரின் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது என்பதுதான் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானதன் காரணமே. முன்பு கம்பெனி எழுப்பக்கூடிய வாதங்களின் பட்டியலில் குடிபோதை இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 150-ஆவது பிரிவு அதையும் சேர்த்துவிட்டது. எனக்கு இது நல்ல மாற்றமாகப் படவில்லை. ஆனால் நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவரைக் கைவிட்டுவிடவில்லை. முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழியில் போகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் குடிபோதை வழக்கு ஒன்றில் அப்படித்தான் உத்தரவிட்டது.

யாரிடம் வசூலிப்பது? ஓட்டியவரிடமும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவரிடமும். மச்சான் கல்யாணத்துக்குக் காரைக் கொடுத்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதித்த தொகை வட்டியோடு அவர் வாசலுக்கு வரக்கூடும். அதைக் கட்டச் சொத்தும் இழுபடலாம். தெரிந்து சம்மதித்துக் கொடுத்தாரா என்பது அங்கே பெரிய வாதமாகும். எனவே அப்படி ஒரு சம்மன் வந்தால் "கம்பெனி பார்த்துக்கும்" என்று மேஜைமேல் போட்டுவிடாதீர்கள். ஆஜராகாமல் இருந்தால் உங்கள் பக்கம் சொல்ல ஆளே இருக்காது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம்.

பாதிக்கப்பட்ட குடும்பம் எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, மருத்துவ பில், வருமானச் சான்று ஆகியவற்றோடு விபத்து நடந்த இடத்திலோ தாங்கள் குடியிருக்கும் ஊரிலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். 6 மாதத்துக்குள் போடுவதே பத்திரம். அடிபட்டவர் குடித்திருந்தார் என்று எதிர்த்தரப்பு கிளப்பினாலும் பயப்பட வேண்டாம். குடித்தது வேறு, அதனால்தான் விபத்து நடந்தது என்பது வேறு. இரண்டாவதையும் அவர்கள் நிரூபிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் எஸ்.ஆர்-22 என்ற பெயரைக் கேட்டிருக்கலாம். குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவருக்குக் காப்பீடு இருக்கிறது என்று கம்பெனியே மாநில அரசிடம் தாக்கல் செய்யும் சான்று அது. பல மாநிலங்களில் சுமார் 3 ஆண்டு அதை விடாமல் வைத்திருக்க வேண்டும். பிரீமியமும் எகிறும். இந்தியாவில் அப்படி ஒரு படிவம் கிடையாது. ஆனால் போக்குவரத்து மீறலைப் பிரீமியத்தோடு இணைக்கலாம், குடித்து ஓட்டுவதற்கு ஆக அதிகமாக 100 புள்ளி போடலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு 2021-இல் பரிந்துரைத்தது.

குடிக்காமலே "குடித்திருந்தார்" என்று கிளெய்மை நிராகரித்தால், எந்த ஆதாரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு அசையவில்லையா, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். நிராகரித்த ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டு அவகாசம்.

பழைய வண்டியை விற்றவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துப் பணம் வாங்கியதோடு விற்பனை முடிந்ததாக நினைக்கிறோம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் குடித்துவிட்டு யார்மேலாவது ஏற்றினாலும் நோட்டீஸ் உங்களுக்குத்தான். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.