மகிழுந்து வண்ணப்பூச்சில் சுழல் கீறல்களும் நீர்க்கறைகளும்

சுழல் கீறல்கள் என்பவை மகிழுந்தின் வண்ணப்பூச்சில் விழும் மிக நுண்ணிய கீறல்கள் ஆகும். வெயிலிலும் விளக்கொளியிலும் இவை சிலந்தி வலை போலத் தெரியும். நீர்க்கறைகள் என்பவை நீர்த்துளிகள் காய்ந்தபின் எஞ்சும் உப்புகளால் உண்டாகும் வெண்ணிற வளையங்கள் ஆகும்.

பூச்சின் அமைப்பு

இன்றைய மகிழுந்துகளில் பொதுவாக நிறப்பூச்சின் மேல் 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பூச்சு உள்ளது. இதன் தடிமன் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். சுழல் கீறல்கள் இந்த அடுக்கிலேயே விழுகின்றன. பாலிஷ் செய்வது கீறலை நிரப்புவதன்று. சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்திற்குத் தேய்த்துச் சமப்படுத்துவதாகும். தேய்ந்த பூச்சு மீண்டும் வளராது. புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே என்பதால், அளவுக்கு மீறித் தேய்த்த இடம் காலப்போக்கில் வெளிறி உரியக்கூடும். அதன்பின் மறுபூச்சு அடிப்பதே வழி.

காரணங்கள்

தூசு படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பதே சுழல் கீறல்களுக்கு முதன்மைக் காரணம். துணியில் சிக்கும் மணல் துகள்கள் பூச்சை உராய்கின்றன. கீறல்கள் பல திசைகளில் இருந்தாலும், ஒளிக்குக் குறுக்காக அமைந்தவையே பளிச்சிடுவதால் விளக்கைச் சுற்றி வட்டங்களாகத் தோன்றுகின்றன.

நீர்க்கறைக்குக் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீர் காரணமாகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரால் வெயிலில் கழுவி, துடைக்காமல் விட்டால் கறை விரைவில் படியும்.

திருத்தும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி, பூச்சு குளிர்ந்தபின் ஷாம்பு கொண்டு கழுவ வேண்டும்.
2. நீர்க்கறையின் மேல், சம அளவு நீர் கலந்த வெள்ளை வினிகரில் நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்து, காயும் முன் நன்கு அலச வேண்டும். அமிலம் கார்பனேட்டு உப்புகளைக் கரைக்கும். அதன்பின்னும் வளையம் தெரிந்தால், அது பூச்சையே அரித்த பள்ளமாக இருக்கலாம். அதற்குப் பாலிஷ் தேவை.
3. விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல் ஆழமானது. அதை முழுதும் நீக்க முயலக்கூடாது.
4. மென்மையான ஃபோம் பேடு, நுண்ணிய பாலிஷ் ஆகியவற்றை முதலில் இரண்டடிச் சதுரத்தில் மட்டும் சோதிக்க வேண்டும். பலன் போதவில்லையெனில் அடுத்த நிலைப் பாலிஷுக்குச் செல்லலாம். கற்பவர்களுக்கு ரோட்டரி இயந்திரத்தைவிட டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் பாதுகாப்பானது. ஓரிடத்தில் அதிக வெப்பத்தை உண்டாக்காது.
5. கதவு விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.
6. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைக்கக்கூடும். நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்தபின் டார்ச் ஒளியில் பார்த்தால் உண்மை நிலை தெரியும்.
7. இறுதியில் மெழுகு அல்லது சீலன்ட் பூச வேண்டும்.

தடுப்பு

தூசை நீரால் அலசிய பின்னரே வண்டியைத் தொட வேண்டும். ஷாம்பு நீருக்கு ஒன்றும், துணியை அலச ஒன்றுமாக இரண்டு வாளிகளைப் பயன்படுத்தி, கழுவியவுடன் தூய மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். கழுவும் பழக்கம் மாறாவிட்டால் கீறல்கள் மீண்டும் விழும். ஒவ்வொரு திருத்தத்திலும் பூச்சு மேலும் மெலியும்.