மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் குறியீட்டைக் கேளுங்கள்

லஸ் கார்னர் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அந்தக் கலக்கத்தோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைபவரிடம் பெரிய எஸ்டிமேட்டை நீட்டுவது சுலபம். விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நிலையாக எரிகிறது, வண்டியும் வழக்கம்போல் இழுக்கிறது என்றால் நிதானமாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். ஓரிரு நாளில் காட்டினால் போதும். விட்டு விட்டு மின்னினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சிவப்பில் எரியும் ஆயில் விளக்கும் வெப்ப விளக்கும் இதைவிட அவசரமானவை. அவை எரிந்த பிறகு இன்னும் ஒரு தெரு ஓட்டிப் பார்ப்பதுகூட ஆபத்து.

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கச் சொல்லும் அமெரிக்க யூடியூப் வைத்தியத்தைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் நம் ஊர் வண்டிகள் பலவற்றில் தளர்ந்த மூடி வழியே பெட்ரோல் ஆவி கசிவதைக் கண்டறியும் ஏற்பாடே கிடையாது. அதைவிட, இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். மயிலாப்பூர் சந்துகளில் இரவெல்லாம் நிற்கும் கார்களில் எலி கடிப்பது புதிதல்ல.

2013 ஏப்ரலுக்குப் பின் சென்னையில் விற்ற கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே கோளாறு கண்டறிவதற்கான, 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும் ப்ளூடூத் கருவியை அதில் செருகினால், கோளாறின் குறியீடு கைப்பேசியில் தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் கலவையில் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று கூடுதல். காரணம் கிழிந்துபோன ரப்பர் குழாயாக இருக்கலாம். பில்லில் ஏறுவதோ ஆக்ஸிஜன் சென்சார். குறியீடு திசையைத்தான் காட்டும், எந்தப் பாகம் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். படம் எடுத்து வைக்காமல் குறியீட்டை அழிக்காதீர்கள். கோளாறு நேர்ந்த கணத்தில் இன்ஜின் இருந்த நிலைமையின் பதிவும் அதோடு போய்விடும். வாரண்டி கேட்கும்போது அதுதான் சாட்சி.

பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனித் தலைவலி. தி.நகர் உஸ்மான் சாலையில் தினமும் ஊர்ந்தால் புகைவடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும். அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய, சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓட வேண்டும். வடிகட்டி விளக்கு மட்டும் எரிந்தால், கையேடு சொல்கிறபடி ஞாயிறு காலை ஈசிஆரில் ஓட்டிப் பாருங்கள். வடிகட்டியையே மாற்றச் சொன்னால், அதற்கு முன் இப்படி ஓட்டிச் சுத்தம் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

மழைக்காலத்தில் வண்டி நீரில் நின்றிருந்தால் (2021 நவம்பரில் தி.நகர் பட்ட பாடு நினைவிருக்கும்) விளக்கைப் பார்க்கக்கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினுக்கெனக் கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இந்தச் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகத் தருவதில்லை. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

வெளி மெக்கானிக் தொட்டாலே வாரண்டி போய்விடும் என்ற மிரட்டலுக்கு ஒரு வரலாறு உண்டு. உதிரிபாகங்களையும் ஸ்கேனர் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் முடக்கியதாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வெளி வேலையால்தான் சேதம் என்று நிறுவனம் காட்டினால் உங்கள் வாதம் நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம். குறியீட்டைப் படிப்பதற்கு இந்தப் பயம் வேண்டாம், அதனால் வண்டியில் எதுவும் மாறுவதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டில் குறியீட்டை எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். பில் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

பழைய கார் வாங்குபவர்கள் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கக்கூடும். அந்த வண்டி வேண்டாம்.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.