கோழி அடையும் கழியும் அதன்கீழ்ச் சேரும் செல்வமும்

சேவற்கொடியோன் கோயில் கொண்டிருக்கும் கதிர்காமம் நம் ஊவா மாகாணத்திலேயே இருக்கின்றது. அவன் கொடியில் உயர்ந்து நிற்கும் அப்பறவை பதுளை, பசறை, அப்புத்தளை, வெலிமடைப் பகுதித் தோட்டங்களில் லயத்துக்கு லயம் வளர்க்கப்படுகின்றது. வைகறையிற் கூவும் அதன் குரலை யாவரும் அறிவோம். ஆயின், இரவில் அது எங்கே, எவ்வாறு உறங்குகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கோழி வளர்ப்பில் வரும் இலாபமும் நட்டமும், அயலாரோடு உறவும் பகையும் பெரும்பாலும் அந்த உறக்கத்தின் இடத்தைப் பொறுத்தவை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் நேரிற் கண்டோம்.

பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றிலிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி ஒரு வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. காரணம் அறியச் சென்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; அதன் அடுப்படி மூலையில் ஒன்பது கோழிகள். கீரிக்கும் மரநாய்க்கும் அஞ்சி இரவில் அவற்றை உள்ளே அடைத்து வைத்திருந்தனர். ஈரத்தரையில் மிதிபட்ட எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. மாணவிக்கோ ஓயாத இருமல். சுவருக்கு அப்பால் வாழும் குடும்பத்தார் தலைவரிடம் முறையிட்டு, கோழிகளை அகற்றும்படி கேட்டிருந்தனர். "விற்றுவிட்டால் என்ன, அம்மா?" என்று மாணவியின் பாட்டியிடம் கேட்டோம்.

"கோழியை வித்துட்டா இந்தப் புள்ளைக்குக் கொப்பி பென்சிலு எதுல வாங்குறது, மாஸ்டர்?" என்றார் அவர்.

நம்மிடம் விடையில்லை. அவ்விடையைத் தேடியே கால்நடை வைத்திய அதிகாரியிடமும், கோழி வளர்த்துப் பழகிய பெரியவர்களிடமும், நூல்களிடமும் சென்றோம். அங்கே கற்றவற்றை நேயர்களோடு பகிர்ந்து கொள்கின்றோம்.

உயரத்தை நாடும் இயல்பு

வீட்டுக் கோழியின் முன்னோர் தென்னாசிய, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழிகள். நம் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழி அவற்றின் நெருங்கிய உறவு. இவை பகலெல்லாம் நிலத்தைக் கிளறி இரை தேடினும், அந்தி சாய்ந்ததும் மரக்கிளையேறியே அடையும். அவ்வியல்பு வீட்டுக் கோழியை இன்றும் விட்டு நீங்கவில்லை. கால்களை மடக்கி அமர்ந்ததும் அதன் விரல்கள் தாமே வளைந்து கிளையைப் பற்றிக் கொள்ளும். அத்தகைய பறவையைத் தரையிற் படுக்கவிட்டால் இரவு முழுவதும் தன் எச்சத்தின் மீதே அது கிடக்க நேரும்.

ஆதலின், கூட்டின் முதற்றேவை அடைவதற்குரிய கழி. கிரவில்லியாவோ யூக்கலிப்டசோ, 2 அங்குல அகலமுள்ள சட்டம் ஒன்று போதும். அதன் மேல் விளிம்புகளை உருட்டி இழைத்துவிட வேண்டும். மேற்பரப்புச் சற்றே தட்டையாக இருப்பின், பண்டாரவளைக் குளிரிலும் கோழி தன் விரல்களை மார்பின் இறகால் மூடிக்கொண்டு உறங்கும். வழுக்கும் இரும்புக் குழாயும், காலைக் கீறும் மூங்கிற் பிளவும் ஆகா.

ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் என்பது கணக்கு. எனவே ஒன்பது கோழிக்கு மூன்றடிக் கழி இரண்டு போதும். இரண்டுக்கும் இடையே ஓரடியும், சுவருக்கும் கழிக்கும் இடையே ஓரடிக்குக் குறையாத தூரமும் விட வேண்டும். ஏணிபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் எல்லாக் கோழிகளும் உச்சிக் கழிக்கே போராடும். கீழிருப்பவற்றின் மீது மேலிருப்பவற்றின் எச்சம் விழும். இரண்டையும் ஒரே மட்டத்தில், கூட்டின் தளத்திலிருந்து இரண்டடி உயரத்தில் அமைப்பதே நன்று. மிக உயர்த்தினால் பாரமான கோழிகள் குதித்து இறங்குகையிற் பாதம் அடிபட்டுப் புண்ணாகும். முட்டையிடும் பெட்டி கழியிலும் தாழ்ந்திருக்க வேண்டும். அது உயர்ந்திருப்பின் கோழிகள் அதற்குள்ளேயே அடைந்து முட்டையை அழுக்காக்கிவிடும்.

கழியின் கீழே

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சம் இடும். அதில் ஏறக்குறையப் பாதி, அது கழியில் அமர்ந்திருக்கும் இரவு வேளையில் விழுவது. கூடு முழுவதையும் நாள்தோறும் கழுவ வேண்டியதில்லை. கழியின் கீழே ஒரு தட்டு இருந்தால் வேலை பாதியாகும் என்பது இதனாற் பெறப்படும்.

பழைய தகரத்தை விளிம்பு மடித்துத் தட்டாக்கிக் கழிக்கு ஓரடி கீழே, இழுத்தெடுக்கத் தக்கதாகச் செருக வேண்டும். கோழிகள் அதிலிறங்கிக் கிளறாதபடி மேலே கம்பிவலை அடிக்கலாம். தட்டில் இரண்டங்குல உயரத்துக்கு உமி, மரத்தூள், அல்லது காய்ந்த மானாப்புல்லைச் சிறிதாக நறுக்கிப் பரப்புதல் வேண்டும். காலையில் ஒரு சுரண்டியால் வழித்தெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இவ்வேலையை ஏன் தள்ளிப்போடலாகாது? கோழிகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தோடு வெளிவரும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைப்பின் ஓரிரு நாளிலேயே மற்றக் கோழிகளைத் தொற்றும் வலிமை பெறும். அதற்குமுன் எச்சத்தை அகற்றிவிட்டால் நோயின் வழி பெருமளவு அடைபடும். கழியின் பொருத்துகளையும் வாரந்தோறும் பார்க்க வேண்டும். பகலில் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணிகள் அங்கேதான் குடியிருக்கும். கழியைக் கழற்றி எடுத்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் உலர்த்தக் கூடியவாறு அமைத்தல் இதன் பொருட்டே.

அடுப்புச் சாம்பலை எச்சத்தின் மேற் கொட்டுவது நம் பெண்டிர் வழக்கம். அது ஈரத்தை உறிஞ்சும் என்பது மெய்யே. ஆயினும், சாம்பலோ சுண்ணாம்போ எச்சத்தோடு கலந்தால் அமோனியா விரைந்து வெளியேறும். மூக்கைத் துளைக்கும் அந்நெடியாகப் பறந்து போவது பயிருக்குரிய நைதரசனே. சாம்பலைத் தனியே ஒரு பெட்டியில் இட்டால் கோழிகள் அதிற் புரண்டு பேனைப் போக்கிக் கொள்ளும்.

மழையும் காற்றும்

கூட்டை நான்கு கால்களில் நிறுத்தி, பீலிக்கும் குடிநீர் வரும் வழிக்கும் மேற்புறச் சரிவில் அமையாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும். ஊவாவின் பெருமழை வடகீழ்ப் பருவக் காற்றோடு வருவது. அப்பக்கத்துக் கூரையை நன்றாக நீட்ட வேண்டும். ஆடி, ஆவணியில் மலை கடந்து வரும் வறண்ட காற்று, ஊவாத் தேயிலைக்கு மணம் தருவதாயினும், உறங்கும் கோழியின் மீது நேரே வீசலாகாது. காற்றோட்டத்துக்குரிய திறப்பைக் கோழியின் தலைக்கு மேலே, தகரக் கூரையை ஒட்டி அமைத்தால் நெடியும் ஈரமும் வெளியேறும், குளிரும் தாக்காது.

எருவாகும் வரை

மேற்சொன்ன ஒன்பது கோழிகளின் தட்டில் மாதத்துக்கு ஏறத்தாழ 13 கிலோ எச்சம் சேரும். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, ஒரு மூட்டை உரத்துக்காக வெலிமடை, பண்டாரவளைக் கமக்காரர் பட்ட பாட்டை நாம் கண்டோம். அவ்வாண்டிலேயே தடை நீங்கினும் உரவிலை இறங்கவில்லை. அக்காலத்திலும் பல லயங்களிற் கோழியெச்சம் கானிற் கழுவி விடப்பட்டது!

புதிய எச்சம் பயிரின் வேரைக் கருக்கும். அதிலுள்ள கிருமிகள் கீரையில் ஒட்டி மனிதரையும் நோயாளராக்கும். ஆகவே எச்சம் ஒரு பங்குக்குக் காய்ந்த இலையும் புல்லும் இரண்டு மூன்று பங்கு கலந்து, மழைபடாத இடத்திற் குவித்து, வாரமொருமுறை கிளறிவிட வேண்டும். குவியலின் உள்ளே கை பொறுக்காத சூடு எழும். அது தணிந்து, நெடி நீங்கி, மண்வாசனை வரும்வரை காத்திருத்தல் அவசியம். இதற்கு இரண்டு மூன்று மாதமாகலாம். பின்னர் கோவாவுக்கும் போஞ்சிக்கும் அடியிலிடலாம். எச்சத்தை அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுவதும், அள்ளியபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் மறவாதிருக்கத் தக்கவை. சுருங்கக் கூறின், நீர் சேருமுன் எச்சம் எரு. நீர் சேர்ந்தபின் அது நோய்.

பாட்டியின் கணக்கு

மாணவியின் தந்தையும் நம் வகுப்பு மாணவர் நால்வரும் ஒரு சனிக்கிழமை முழுவதும் உழைத்து, லயத்தின் பின்புறத்தே கூட்டைக் கட்டி முடித்தனர். முதல் மூன்று இரவுகள் கோழிகள் பழைய அடுப்படிக்கே திரும்பின. அந்தியில் அவற்றைப் பிடித்துக் கழியில் ஏற்றிவிட வேண்டியிருந்தது. நான்காம் நாள் தாமே ஏறின. மாணவியின் இருமலும் படிப்படியாகத் தணிந்தது. அவள் வகுப்புக்கு மீண்டாள்.

ஆறு மாதம் கழித்து மீண்டும் அங்கே சென்றோம். முன்னர் முறையிட்ட அயல் காம்பராப் பெண்மணி வெற்றுச் சாக்கோடு வந்து நின்றிருந்தார். பாட்டி காசு வாங்காமல் எருவை அள்ளிக் கொடுத்தார். தாமும் நான்கு கோழி வளர்க்க எண்ணியிருப்பதாகச் சொன்ன அவர், கழி எத்தனையடி வேண்டும் என்று நம்மைக் கேட்டார். நாம் வாய் திறக்குமுன் பாட்டியே விடை சொன்னார்: "நாலு கோழிக்கு மூணடி போதும்மா. வெளிம்பை மட்டும் நல்லா இழைச்சுப்புடு."