புள்ளி மறைந்த பிறகுதான் வைத்தியம்

உப்புத் தூவினாற்போல வால் துடுப்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் உடம்பெல்லாம். மீன் கூழாங்கல்லில் விலாவைத் தேய்த்துக்கொண்டு போகிறது. அடைமழையில் தொட்டி நீர் சட்டென்று குளிர்ந்த பிறகோ, கொளத்தூரில் வாங்கிய புது மீனை வந்த கையோடு தொட்டிக்குள் விட்ட வாரத்திலோ இதைப் பார்க்காத கலர் மீன் பிரியர்கள் குறைவு. கடைக்கு ஓடுகிறோம், சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். மூன்றாம் நாள் புள்ளிகளைக் காணோம். மருந்துக்குக் கேட்டுவிட்டது என்று நிறுத்துகிறோம். அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகப் புள்ளி போட்டு, மீன்கள் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன.

முதல் தடவை புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல. கிருமி தன் வேலை முடிந்து தானாக இறங்கிப் போயிருக்கிறது.

இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்பது அதன் பெயர். 1876இல் ஃபுகே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வைத்தது. பிரித்துப் பொருள் பார்த்தால் 'ஏகப்பட்ட பிள்ளை பெற்ற மீன் பேன்'. உண்மையில் பேன் இல்லை, ஒற்றைச் செல் உயிரி. பிள்ளைக் கணக்கு மட்டும் சரி. மீன் வளர்ப்பவர்கள் 'இக்' என்று சுருக்கிவிட்டார்கள். ஒரே செல்தான் என்றாலும் ஒரு மில்லிமீட்டர் வரை பருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. மீனுக்குச் செதிலின் மேலேதான் தோல் படர்ந்திருக்கும். இக் அந்தத் தோலுக்கு அடியில் புகுந்து, அங்குள்ள செல்களைத் தின்று வளர்கிறது. மருந்து வெளியே தண்ணீரில். கிருமியோ உள்ளே போர்வைக்குள். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து, மணலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவும் செத்துவிடும்.

அதனால் கணக்கு இப்படிப் போகிறது. 25 டிகிரி நீரில் ஒரு சுற்று முடிய ஒரு வாரத்துக்கும் குறைவு. 10 டிகிரியில் ஒரு மாதம்கூட ஆகும். ஹீட்டர் போட்டு, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 28, 30 வரை ஏற்றினால் கிருமி அவசரப்பட்டு வெளியே வரும், மருந்தில் மாட்டும். ஆனால் சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30இல் ஏழரை. இக் செவுளுக்குள்ளும் குடியிருப்பதால் மீனுக்கு ஏற்கெனவே மூச்சுத் திணறல். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். குளிர்நீர் மீனான கோல்டுஃபிஷ்ஷுக்கு இவ்வளவு சூடு வேண்டாம்.

கை மருந்து கல்லுப்பு. லிட்டருக்கு இரண்டு கிராம், அதாவது 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம். தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு வெறும் நீரை மட்டும் சேருங்கள். தொட்டிச் செடிகள் பலவும் செதிலில்லாத கெளுத்தி வகைகளும் உப்பைத் தாங்காது. மாலகைட் கிரீன் கலந்த மருந்தும் கேட்கும். புற்றுநோய் ஐயத்தால் உண்ணும் மீன்களுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்ட சாயம் அது. கையுறை போடாமல் தொட வேண்டாம். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். அடிமணலைத் தினமும் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தால் கூடுகளும் போகும். எதுவானாலும் கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

எல்லா வெள்ளைப் புள்ளியும் இக் அல்ல. என் கோல்டுஃபிஷ் ஒன்றுக்குச் செவுள் மூடியில் வரிசையாகப் புள்ளி வந்தது. பதறிப்போய் எட்டு நாள் உப்பு வைத்தியம் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்டுஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் விளிம்பிலும் அப்படித்தான் புள்ளி வரும். மாப்பிள்ளைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்!

அதேபோல நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன். ஃபைட்டரும் கௌராமியும் காற்றை நேரே குடிக்கும் இனங்கள், கவலையில்லை. மற்றவை அப்படிச் செய்தால் மருந்துப் பக்கம் போகாமல் நீரைச் சோதியுங்கள். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக விடுகிறது. அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பட்டு அந்தப் பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். பி.எச். 7இலிருந்து 8 ஆனால் அம்மோனியாவின் நச்சு ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது. இந்த நிலையில் கால் பங்கு நீரை மாற்றுவதை மிஞ்சிய மருந்து எந்தக் கடையிலும் இல்லை. என் கணக்கில் பாதி நோய்கள் இதோடு சரியாகிவிடுகின்றன.

வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்துக்கொண்டு மேலிருந்து பார்க்கையில் அன்னாசிப் பழம்போல் தெரிந்தால் மட்டும் நம்பிக்கை குறைவு. சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது, பிழைப்பது அபூர்வம்.

புது மீனை இரண்டு வாரமாவது தனி வாளியில், தனி வலையோடு வைத்திருங்கள். தேறாத மீனையும் அதன் தண்ணீரையும் ஏரியிலோ குளத்திலோ கொட்டிவிடாதீர்கள். இக் கலர் மீனோடு நிற்பதில்லை. கெண்டைப் பண்ணைகளிலும் அது மீன்களைக் கொல்கிறது.