மெழுகுதிரியும் குவளையும்: வகுப்பறைப் பரிசோதனை பற்றிய ஒரு குறிப்பு

வளி, நீர், வானிலை ஆகியன பற்றிக் கற்பிக்கும்பொழுது மாணவர் தம் கைகளாற் செய்து பார்க்கும் செயற்பாடுகள் இடம்பெறல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கோட்பாடாகிவிட்டது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட பின்னர் ஒரு கோட்பாட்டின் உள்ளடக்கம் நழுவிப்போவதும் உண்டு.

இச்செயற்பாடுகள் பரவிய வரலாறு போரின் அழிவோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரிற் சிதைந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்காக ஸ்டீபன்சன் எழுதிய கைந்நூலை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. அதன் விரிவாக 1956இல் விஞ்ஞானம் கற்பித்தலுக்கான மூலநூல் வெளிவந்தது. ஆய்வுகூடம் இல்லாத இடத்திலும் போத்தலையும் தகரப்பேணியையும் கொண்டு வானிலையை அளக்கலாம் என்பதே அதன் நிலைப்பாடு. அவ்வகையில் அது சனநாயகத்தன்மை வாய்ந்தது.

ஆயின், எளிய பொருள் மட்டும் விஞ்ஞான நோக்கைத் தந்துவிடுவதில்லை. எரியும் மெழுகுதிரியை நீருள்ள தட்டில் நிறுத்திக் கண்ணாடிக் குவளையாற் கவிழ்க்கும் பரிசோதனையை யாவரும் அறிவர். சுடர் அணைகிறது; நீர் ஏறுகிறது. ஒட்சிசன் முழுவதும் தீர்ந்தமையால் ஐந்திலொரு பங்கை நீர் நிரப்பியது எனப் பல தலைமுறைகளாக விளக்கம் கூறப்பட்டு வருகிறது. இவ்விளக்கம் பிழையானது. சுடர் அணையும்பொழுது ஒட்சிசனிற் கணிசமான பகுதி எஞ்சியே இருக்கும். எரிந்த பகுதியின் இடத்திற் காபனீரொட்சைட்டும் நீராவியும் தோன்றும். நீர் ஏறுவதற்குப் பிரதான காரணம், சூடேறி விரிந்த வளி சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதாகும். நீர் விரைந்தேறுவது சுடர் அணைந்த பின்னரே என்பதை எந்தப் பிள்ளையும் காணலாம். மூன்று திரிகளை வைத்தால் நீர் மேலும் உயரும். குவளையின் ஒட்சிசனோ மும்மடங்காவதில்லை. கண் கண்டதை நூல் கூறியதற்காக மறுக்கப் பழகும் மாணவன் அங்கு கற்பது விஞ்ஞானமன்று, பணிவு.

வளியமுக்கம் பற்றிய அறிவு தோன்றிய விதம் இதற்கு நேர்மாறானது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், உறிஞ்சு பம்பி நீரை ஏறக்குறையப் பதினெட்டு முழத்துக்கு மேல் உயர்த்தாது எனக் கூறுபவன், அதைத் திருத்த வந்த தொழிலாளியே. 1644இல் டொரிசெல்லி இரசநிரலைக் கொண்டு, வளியின் நிறையே இதற்குக் காரணமென விளக்கினார். சுரங்கங்களின் நீரகற்றற் பிரச்சினைக்கும் இத்தகைய ஆய்வுக்கும் இடையிலான உறவை 1931இல் இலண்டன் மாநாட்டில் எடுத்துரைத்தவர் சோவியத் அறிஞர் ஹெசன். (அவர் 1936இற் சோவியத் அரசாலேயே கொல்லப்பட்டார் என்பதையும் முற்போக்காளர் மறத்தலாகாது.) உழைப்பின் இவ்வரலாறு பாடநூலிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை, கண்டுபிடித்தவரின் பெயர் மட்டும் எஞ்சுகிறது.

ஒட்சிசனின் பங்கைக் காட்டப் பொருத்தமான முறை வேறுண்டு. வினாகிரியிற் கழுவிய உருக்குப் பஞ்சைச் சோதனைக் குழாயினுள் இறுக்கி, குழாயை நீரிற் கவிழ்த்து வைத்தால், பஞ்சு துருப்பிடிக்க நீர் மெல்ல ஏறி ஐந்திலொரு பங்களவில் நிற்கும். செலவு சொற்பம். மெழுகுதிரியோ ஒரு நிமிடத்துள் முடிவு காட்டிவிடும். துருப்பிடித்தலுக்கு ஒரு நாளேனும் செல்லும். 40 நிமிடப் பாடவேளைக்கும் பரீட்சைக்கும் எது இசைவானதோ அதுவே நிலைத்துவிட்டது.